ஆட்டுச் சந்தின் பதினான்காவது கூறு

அழகப்பன் அந்தக் கல் பெஞ்சில் உட்கார்வதற்குக் காற்றைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது. லிட்டில் இந்தியா முழுக்க வெயிலில் வறுபட்டுக்கொண்டிருக்கும்போதும், லோரோங் கம்பிங் என்கிற அந்த ஆட்டுச் சந்தில் மட்டும் இரண்டு கடைவீடுகளுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு காற்று புகுந்து வரும். ஆயுளில் பாதியைப் பேருந்தின் ஏசிக்குள் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவர் என்பதால், தானாக வரும் காற்றின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஞாயிறுதோறும் பிடோக்கிலிருந்து கிளம்பி வருவார். நெய்னா முகம்மதுவின் கடையில் ஒரு தே சொல்வார். அவருடைய நாக்கு சூடு பொறுக்காது. ஆகவே தேநீரைச் சாசரில் ஊற்றி, ஊதி, சத்தம் வர உறிஞ்சுவார்.

அவர் செய்தது இவ்வளவுதான். இதற்காகத் தன்னைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கூறாக அறிவிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அறிவித்தது வட்டார மரபு நிலக்காட்சிப் பாதுகாப்புத் திட்டங்களின் பயனுறுதி மதிப்பீட்டு மன்றம். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நல்ல சூடான தேநீரும் குடிக்கும் பதத்துக்கு ஆறிவிடும் என்பதால், சந்தில் எல்லோரும் மன்றம் என்றே சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னால் மன்றம் ஆட்டுச் சந்தினைப் பாதுகாத்திருந்தது. பாதுகாத்ததால் பயன் உண்டா என்று இப்போது தெரிய வேண்டியிருந்தது. அதற்கான வழிமுறையைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் பல நாடுகளுக்குப் போய், பல பழைய தெருக்களில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். வழிமுறை என்னவோ எளிமையானதுதான். திட்டம் தொடங்கிய அன்று சந்தினை ஒரு புகைப்படம் எடுத்திருந்தார்கள். இன்றைய சந்து அந்தப் புகைப்படத்தைப் போலவே இருந்தால் திட்டம் வெற்றி. இல்லையென்றால் சந்து தோல்வி.

அந்தப் புகைப்படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்பட்டது. அதன் இடது ஓரத்தில், நீலக்கோடு போட்ட சட்டையில், கையில் சாசருடன் அழகப்பன் இருந்தார்.

மன்றத்தின் கள அதிகாரி அனுப்ரியா கையில் டேப்லெட்டுடன் வந்து அவர் எதிரே நின்றபோது, வழி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தேக்கா மார்க்கெட் இருக்கும் திசையை அவர் கைகாட்டினார். அவள் கையைப் பார்க்கவில்லை. டேப்லெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அங்கிள், கொஞ்சம் லெஃப்ட்ல திரும்புங்க. போட்டோல உங்க காது தெரியுது. இப்ப தெரியல.”

அவர் திரும்பினார். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே, யார் எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது அவர் வழக்கம். காது சரிபார்க்கப்பட்டது. மர ஜன்னல், தரை ஓடு, மழைநீர்க் குழாய் என்று வரிசையாக வந்து, அவர் பதினான்காவது கூறு ஆனார். பதின்மூன்றாவது, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சு. பெஞ்சுக்கு அடுத்ததாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நெய்னா முகம்மதுவுக்கு இது விளையாட்டாக இல்லை. சந்து மதிப்பீட்டில் தேறினால்தான் கடை வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் அவர் போட்டிருக்கும் மேசைகள் நிற்கும். தேறாவிட்டால் அது பயனற்ற மரபாக வகைப்படுத்தப்பட்டு, பின்பக்கத்து ஹோட்டல்களுக்குச் சரக்கு லாரி நிற்கும் இடமாகிவிடும். ஆகவே அவரும் மன்றம் சொன்னபடியெல்லாம் ஆடினார். புகைப்படத்தில் சுவர்ப் பூச்சு உரிந்திருந்தது. நடுவில் யாரோ நல்ல மனதோடு வெள்ளையடித்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் வந்து அந்தச் சுவரில் உரிந்த பூச்சைப் புதிதாக வரைந்துவிட்டுப் போனார்கள். புகைப்படத்தில் மாடி ஜன்னலில் ஒரு பச்சைக் கைலிச் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. மாடியில் இப்போது குடும்பம் கிடையாது, மென்பொருள் கம்பெனி ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பெனிப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமையும் முறை வைத்து வந்து, ஒரு பச்சைச் சாரத்தை நனைத்துத் தொங்கவிட்டார்கள். புகைப்படத்தில் அது சொட்டிக்கொண்டிருந்ததால், காய்ந்ததும் மறுபடி நனைத்தார்கள்.

அழகப்பனின் நீலக்கோட்டுச் சட்டை என்றைக்கோ வீட்டில் தரை துடைக்கும் துணியாகிவிட்டது. மன்றம் அளவெடுத்து அதே போல் இரண்டு சட்டைகள் தைத்துக் கொடுத்தது. காலர் நைந்திருப்பதற்காகத் தையற்காரருக்குத் தனியாக ஒரு வாரம் ஆயிற்று.

இதெல்லாம் ஒரு நல்ல பொழுதுபோக்காகவே இருந்திருக்கும், பாக்கியலட்சுமி மட்டும் இல்லையென்றால்.

அழகப்பன் ஓய்வுபெறுவதற்கு முன் கடைசியாக ஓட்டியது கிராஞ்சித் தடம். பண்ணைகளும் நாற்றுத்தோட்டங்களும் தொழிலாளர் விடுதிகளும் இருக்கிற பக்கம். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வருவதற்குள் மனிதருக்கு நரை விழுந்துவிடும். அங்கே சாலையோர மரங்களுக்கு நாற்று வளர்த்துக் கொடுக்கும் தோட்டம் ஒன்றை நடத்தி வந்தவர் பாக்கியலட்சுமி. கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லாமல் போய், பிறகு நேரம் கிடைத்தபோது ஆள் கிடைக்காமல் போனவர். ஒருநாள் சேற்றுக் காலணியோடு ஓடி வந்த அவருக்காக அழகப்பன் கதவைத் திறந்துவைத்தபடி காத்திருந்தார். அதற்கு முன்போ பின்போ அவர் யாருக்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை. மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்த அந்த மனிதருக்கு, அன்று ஏன் பிரேக்கிலிருந்து கால் எடுபடவில்லை என்பது புரிய மேலும் இரண்டு வருடம் பிடித்தது.

புரிந்ததும் போய்ச் சொன்னார். பாக்கியலட்சுமி பூவாளியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார்.

“வாயால யாரு வேணாலும் சொல்லலாம் லா. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் ஓய்வு. ஒரு மாசம் ஞாயிறு தவறாம வாங்க, பாக்கலாம். அப்புறம் பதில் சொல்றேன்.”

எந்த மன்றத்துக்கும் தோன்றாத எளிய மதிப்பீட்டு முறை. ஆட்டுச் சந்தின் காற்றை விட்டுக்கொடுக்க அழகப்பன் தயாராகவே இருந்தார். ஆனால் அதே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் மன்றமும் குறித்து வைத்திருந்தது. புகைப்படத்தில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை வெயில் என்பதால், திங்கட்கிழமை வெயில் செல்லாது என்றார்கள்.

முதல் ஞாயிறு காலையில் மன்றத்தின் இயக்குநர் ராஜீவ் வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். கம்பெனிப் பையன்கள், நெய்னா, நாலைந்து சுற்றுப்பயணிகள், வழி தவறி வந்த ஒரு சாப்பாட்டு டெலிவரிக்காரர் ஆகியோர் கேட்டார்கள்.

“மரபு என்பது உயிருள்ளது, அன்பர்களே. ஆகவே அது அசையக்கூடாது. சென்ற ஆண்டு நாங்கள் வேறொரு தெருவை மதிப்பிட்டோம். அங்கே மக்கள் உண்மையாகவே குடியிருந்தார்கள். காலையில் ஒரு மாதிரி இருந்தார்கள், மாலையில் வேறு மாதிரி இருந்தார்கள். எங்கள் தரவு முழுவதும் கெட்டுப்போயிற்று. அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டோம். இந்தச் சந்தில் அந்தச் சிக்கல் இல்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அழகப்பன் கையில் சாசர் இருந்ததால் தட்டவில்லை. புகைப்படத்திலும் அவர் கைதட்டவில்லை.

அன்று கிராஞ்சிக்குப் போக முடியவில்லை. காரணத்தை எழுதி அனுப்பினார். நான் மரபாகிவிட்டேன் என்பதை எப்படி எழுதினாலும் குடித்துவிட்டு எழுதியது போலவே இருந்தது. பாக்கியலட்சுமியிடமிருந்து “சரி” என்று ஒரு சொல் வந்தது, பின்னால் ஒரு முற்றுப்புள்ளியோடு. பஸ் ஓட்டியவருக்குப் பிரேக் பிடிக்கிற சத்தம் தெரியாமல் இருக்குமா?

இரண்டாவது ஞாயிறு அவர் பக்கத்தில் ஒரு சிறிய பலகை முளைத்தது. உணவூட்ட வேண்டாம், சாய வேண்டாம் என்று படங்கள் போட்டிருந்தன. கீழே ஒரு க்யூஆர் சதுரம். அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் பக்கம் பராமரிப்பில் உள்ளது என்று வந்தது. வழிகாட்டி ஒருவர் சுற்றுப்பயணிகளை அழைத்து வந்து, இவரது குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த பெஞ்சில் அமர்ந்து வருகிறது என்று விளக்கினார். தன் அப்பா மலேசியாவில் ரயில்வேயில் இருந்தவர், இந்தப் பக்கமே வந்ததில்லை என்று அழகப்பன் இடைமறித்தார். கூறுகள் பேசுவது மதிப்பீட்டைப் பாதிக்கும் என்று வழிகாட்டி பணிவோடு சொல்லிவிட்டு, நான்காவது தலைமுறையையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் குனிந்து, நீங்கள் உண்மையானவரா என்று கேட்டார். அழகப்பன் யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றார்.

அன்று சாயங்காலம் பாக்கியலட்சுமியே தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்குள் வராவிட்டால் இதை விட்டுவிடலாம், ரெண்டு பேருக்கும் வேறு வேலை இருக்கிறது என்றார்.

அடுத்த ஞாயிறுதான் வெளி நடுவர்கள் வந்து இறுதி மதிப்பெண் போடும் நாள்.

அழகப்பன் மன்றத்தின் அலுவலகத்துக்குப் போனார். அரை நாள் விடுப்பு கேட்டார். ராஜீவ் அவரை உட்காரச் சொல்லி, நடுவில் ஒருமுறை எழுந்து வந்து அவர் உட்கார்ந்த கோணத்தைச் சரிசெய்தார்.

“மரத்துக்கு லீவு உண்டா மிஸ்டர் அழகப்பன்? மழைநீர்க் குழாய் எப்பவாச்சும் உடம்பு சரியில்லன்னு எம்சி போட்டிருக்கா?”

புகைப்படத்தில் ஒரு செம்பூனை இருந்ததே, அது இப்போது வருவதில்லையே என்று அழகப்பன் கேட்டார். உண்மைதான். அந்தப் பூனை மீன் கடைகளுக்குப் பின்னால் குடிபெயர்ந்து, பெருத்து, திரும்ப மறுத்துவிட்டது. மாற்றுப் பூனைகள் மூன்றை மன்றம் கொண்டுவந்து விட்டுப் பார்த்தது. மூன்றும் ஒரே வாரத்தில் மீன் கடைப் பக்கம் போய்ச் சேர்ந்தன. கடைசியில் பூனையை அவ்வப்போது தென்படும் கூறு என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

“என்னையும் அப்படி எழுதிக்கலாமா சார்? அவ்வப்போது தென்படுறேன்.”

“பூனைக்கு அந்தச் சலுகை உண்டு. அதுக்குப் பொறுப்புணர்ச்சி கிடையாது. உங்களுக்கு இருக்குன்னு எங்க ரிப்போர்ட்லயே போட்டிருக்கோம்.”

திரும்பி வந்து நெய்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நெய்னா முதலில் சிரித்தார்.

“ஏண்ணே, ஹெரிட்டேஜ் ஆளு கல்யாணம் கட்டலாமா? பெயின்ட் மாத்தவே பெர்மிட் கேக்குறாங்க.”

“விளையாடாதீங்க பாய்.”

நெய்னா சிரிப்பை நிறுத்தினார். நீங்கள் போங்கள், மேசை போனால் போகிறது, உள்ளே நாலு பேர் உட்கார இடம் இருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் அழகப்பனைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே துடைத்துவிட்ட மேசையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சண்டை போட்டுத் தடுத்திருந்தால் அழகப்பன் எழுந்து போயிருப்பார். அந்த மேசைத் துணியைப் பார்த்த பிறகு எப்படிப் போவது?

மூன்றாவது ஞாயிறு, நடுவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள் என்றாள் அனுப்ரியா. வந்தால் முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று அழகப்பன் கணக்குப் போட்டார். நைந்த காலரைச் சரிசெய்து, காதைக் காட்டி உட்கார்ந்தார். காலை போயிற்று. நடுவர்கள் பக்கத்துத் தெருவில் பாதுகாக்கப்பட்ட உணவகம் ஒன்றின் பயனுறுதியைச் சாப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் மீன் தலைக் கறி எதிர்பார்த்ததைவிடப் பயனுறுதி மிக்கதாக இருந்ததால் நேரம் நீண்டது. புகைப்படத்தில் சாசரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஆகவே ஆவி அடங்கும்போதெல்லாம் நெய்னா புதுத் தேநீர் கொண்டுவந்தார். ஆறியதை வீணாக்க மனமில்லாமல் அழகப்பன் குடித்துக்கொண்டே இருந்தார்.

மதியம் தாண்டியதும், எந்த மரபுக் கூறுக்கும் வரக்கூடாத ஒரு நெருக்கடி அவருக்கு வந்தது. எழுந்தார். எழும்போது அவர் கை, அவரைக் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து பெஞ்சில் வைத்தது. அவர் கழிவறைக்கு விரைந்தார்.

இந்த ஊரில் எல்லோருமே இதைத்தான் செய்வார்கள். உணவங்காடியில் ஒரு நாற்காலியின் மேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அங்கே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கூட்டம் நெரியும், தட்டு ஏந்திய கைகள் நடுங்கும், ஆனால் அந்த நாற்காலியை ஒருவரும் தொடமாட்டார்கள். சட்டத்தை மீறியவர்கள் இங்கேயும் உண்டு. டிஷ்யூ பொட்டலத்தை நகர்த்தியவரைப் பற்றி மட்டும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவர் திரும்பி வந்தபோது நடுவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அழகப்பன் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டார். கூறு நடந்து வருவதை நடுவர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. மீன் தலைக் கறியால் களைத்திருந்த ஒரு நடுவர் பெஞ்சில் உட்காரப் போனார், பொட்டலத்தைப் பார்த்தார், அதனிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

ராஜீவ் பெஞ்சைப் பார்த்தார். முகம் வெளிறியது.

“அனு, ஆள் எங்க?”

அனுப்ரியா டேப்லெட்டைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள்.

“டிஷ்யூ இருக்கு சார்.”

“ஓ.” ராஜீவின் முகத்தில் இரத்தம் திரும்பியது. “அப்ப இருக்கார்.”

நடுவர்கள் தலையசைத்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பொட்டலத்தின் நான்கு பக்கமும் நின்று பார்த்துவிட்டு, பதினான்காவது கூறு நல்ல நிலையில் இருப்பதாகக் குறித்துக்கொண்டார்கள்.

கடை வாசலில் நின்ற நெய்னா, தூணுக்குப் பின்னால் தெரிந்த நீலக்கோட்டைப் பார்த்துவிட்டார். தாடையை மட்டும் எம்ஆர்டி நிலையம் இருக்கும் பக்கம் லேசாக அசைத்தார்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அழகப்பன் நின்றுகொண்டே போனார். கிராஞ்சியில் இறங்கி ஓடியபோது, அவர் ஓட்டிய அதே தடத்து பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், போய்விட்டார். அது சரியான செயல் என்று அழகப்பனுக்குத் தெரியும். அவரும் ஆயிரம் பேரை அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஒருத்தரைத் தவிர.

நிறுத்தத்தில் புல்லும் அவரும் மட்டும் இருந்தபோது தொலைபேசி அடித்தது. நெய்னா. எதுவும் பேசாமல் தொலைபேசியை ஒலிபெருக்கிப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். கிராஞ்சியின் அமைதிக்குள் ராஜீவின் குரல் கணீரென்று வந்தது.

“அன்பர்களே, ஆட்டுச் சந்து முழு மதிப்பெண் பெற்றிருக்கிறது! குறிப்பாக நடுவர்கள் கூறு பதினான்கைப் பாராட்டியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். மனிதருக்கு வயதாகிறது, சட்டை வெளுக்கிறது, லீவு கேட்கிறார். இந்தப் பொட்டலம் எதுவும் கேட்பதில்லை. மக்களுக்காகவே மரபைக் காக்கிறோம் என்று இதுநாள்வரை சொல்லி வந்தோம். மக்கள் இல்லாமலே அதைக் காக்க முடியும் என்று இன்று நிரூபித்திருக்கிறோம்!”

கைதட்டல் கேட்டது. இந்த முறை நெய்னாவும் தட்டியிருக்க வேண்டும், தொலைபேசி கீழே விழுந்த சத்தம் வந்து இணைப்பு அறுந்தது. அவருடைய மேசைகள் அதே இடத்தில் நின்றன. பொட்டலத்துக்குப் பின்னாளில் ஒரு கண்ணாடிக் கூடு செய்தார்கள். அதன்மேல் செம்பூனை அவ்வப்போது வந்து படுப்பதாகக் கேள்வி.

அடுத்த பஸ் வந்து, நாற்றுத்தோட்டத்து வாசலில் அவரை இறக்கிவிட்டபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. எவ்வளவு தாண்டியிருந்தது என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நிழல்வலைக்குக் கீழே பாக்கியலட்சுமி முதுகைக் காட்டியபடி நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் அவருடைய வைக்கோல் தொப்பி. மற்றதில் ஒரு டிஷ்யூ பொட்டலம்.

யாரோ முந்திவிட்டார்கள். நாலு மணிக்குள் வந்த யாரோ. கைகால் கழுவப் போயிருக்கலாம், இப்போது திரும்பி வரலாம். அழகப்பன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அதைத் தொடக்கூட இல்லை.

பாக்கியலட்சுமி திரும்பினார். சட்டையைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“ஏன் நிக்கிறீங்க?”

“யாரோ இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க.”

“நான்தான் வெச்சேன்.” அவர் குழாயை மூடினார். “மொத வாரமே வெச்சது. எடுக்கலாம் எடுக்கலாம்னு பாத்தேன், கை வரல. நம்ம ஊரு பழக்கம் அப்படி.”

அழகப்பன் பொட்டலத்தை எடுத்தார். நீர்த்திவலை பட்டுப் பட்டு உள்ளே எல்லாம் ஊறிக் கூழாகியிருந்தது. துடைத்துக்கொள்ள ஒன்றுக்கும் ஆகாது. அதை மடித்து, நீலக்கோட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நிழல்வலைக்குக் கீழே காற்று என்பது பெயருக்குக்கூட இல்லை. ஒரே புழுக்கம். இருட்டும்வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.